பள்ளிக்கு வைத்த வைபவம்

பிள்ளைக்கு ஐந்து பிராயம் ஆனதும் அவனைப் பள்ளிக்கு வைப்பதென்று நம் முன்னோர் வகுத்திருந்த சம்பிரதாயத்தில், பாலகன் பள்ளியைத் தேடிப் போவதற்கு முன் பள்ளியே அவனைத் தேடி வீட்டுக்கு வந்துவிடும் என்பது, இன்று விண்ணப்பப் படிவமும் கையுமாக வரிசையில் நிற்கும் பெற்றோர்க்கு விந்தையாகத் தோன்றலாம்.

சென்னை ராஜதானியின் கவர்னர் ஸர் தாமஸ் மன்றோ, ஊர்தோறும் எத்தனை பள்ளிக்கூடங்கள் உள, யார் யார் படிக்கின்றனர் என்று விசாரித்து எழுதும்படி 1822-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உத்தரவிட்டபோது, ஜில்லாக் கலெக்டர்களிற் பலர் எண்கள் நிரம்பிய அட்டவணைகளை அனுப்பிக் கடமையைத் தீர்த்துக்கொண்டனர். பல்லாரிக் கலெக்டர் காம்பெல் என்பாரோ, 1823 ஆகஸ்டில் எழுதிய அறிக்கையில் அந்த முதல் நாள் வைபவத்தையே சித்திரித்து வைத்துப் போனார். குறித்த சுபதினத்தில் உபாத்தியாயரும் அவருடைய மாணாக்கர் அனைவரும் பிள்ளையின் வீட்டுக்கு அழைக்கப்பட்டு, விநாயகர் திருவுருவத்தைச் சுற்றி வட்டமாக அமர்வர். புதிய பிள்ளையைத் தெய்வத்துக்கு எதிரே இருத்தி, தூபம் காட்டி, நிவேதனம் செய்து, ஞானத்தை வேண்டும் துதியை உபாத்தியாயர் சொல்லிக்கொடுக்க அவன் மழலையில் அதைத் திருப்பிச் சொல்வான். பின்னர் அவர் அவன் விரலைப் பிடித்துப் பரப்பிய அரிசியின்மேல் கடவுளின் நாமத்தை எழுதுவிப்பார். பெற்றோர் தம் சக்திக்கேற்ற சன்மானம் அளித்து அவரை அனுப்புவதோடு அன்றைய காரியம் முடியும். பாடம் மறுநாள் காலையில்தான்.

மறுநாள் திண்ணையில் அவனை எதிர்கொள்ளும் முகங்கள் எல்லாம் முந்திய தினம் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த முகங்களே என்பதில்தான் இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அரிசியில் எழுதும் அங்கம் இன்றும் அழியவில்லை. விஜயதசமியன்று திருவாரூர்ப் பக்கத்துக் கூத்தனூர்ச் சரஸ்வதி சந்நிதியில் அதைக் காணலாம்.

அதற்காகப் பழைய திண்ணையைச் சுவர்க்கமென்று எண்ணிவிடலாகாது. காலையில் முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் மரியாதைக்காகச் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள், இரண்டாமவனுக்குச் சுன்னம், மூன்றாமவனுக்கு ஓரடி, நான்காமவனுக்கு இரண்டு, இப்படியே ஏறிக்கொண்டு போகும் என்றும் அதே காம்பெல் எழுதுகிறார். கடைசியில் வந்தவன் கணக்கையும் அன்றே கற்றிருப்பான்! தவிர, 1826-இல் மன்றோ தொகுத்த கணக்கின்படி ராஜதானியிலிருந்த 12,498 பள்ளிகளில் பயின்ற 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேரே. வைபவம் எத்தனை அழகாயினும் அது பெரும்பாலும் ஆண் மக்கள் உள்ள வீட்டுக்கே வந்தது.

அரிசி ஒரு நாளைக்குத்தான், பிறகு மணல். தரையில் மெல்லிய மணலைப் பரப்பி விரலால் எழுதி, வாயால் ஓதி, அழித்து, மீண்டும் எழுதும் இம்முறை மிகப் பழையது. 1623-இல் கன்னட நாட்டில் யாத்திரை செய்த பியேத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலியர், கோயில் முகப்பொன்றில் சிறுவர் சிலர் இவ்வாறே பாடம் பயில்வதைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். அவர் வியப்போடு நின்றார். ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, சென்னை எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரர்களின் அநாதைப் புதல்வர்களுக்கென ஏற்பட்ட விடுதியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் பாதிரியாரோ, நாட்டுப் பள்ளியொன்றில் குழந்தைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துவிட்டுத் தம் விடுதியிலும் அதைப் புகுத்த முயன்றார். அங்கிருந்த உபாத்தியாயர்கள் இணங்கவில்லை. பெல் சளைக்காமல், ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனையே சிறு குழந்தைகளுக்கு எழுத்துக் கற்பிக்க நியமித்தார். அவன் அதைச் செவ்வனே செய்துகாட்டினான்.

சீமைக்குத் திரும்பிய பெல் 1797-இல் இதை ஒரு சிறு நூலாக வெளியிட, பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குக் கற்பிப்பதாகிய அம்முறை மெட்ராஸ் முறை என்ற பெயரோடு இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவிற்று. அங்கும் குழந்தைகள் மணலில் விரலால் எழுதத் தொடங்கினர். முதல் நாளில் பள்ளி முழுதும் எழுந்து பிள்ளையின் வீட்டுக்குப் போகும் வழக்கம் மட்டும் மணலோடு கப்பலேறவில்லை. 1832-இல் காலமான பெல், லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஸ்காட்லாந்தில் அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவருடைய பொருளால் எழுந்த பள்ளிக்கு இன்றளவும் மெட்ராஸ் காலேஜ் என்றே பெயர்.