குட்டி பார்க்கப் போன கதை

வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். இன்னொரு நாய் வாங்கலாமா என்று பேச்சு எழுந்தால் முதல் கேள்வி 'என்ன சாதி?' என்பதாகத்தான் இருக்கும். லாப்ரடாரா, பீகிளா, ராஜபாளையமா என்று வீடு இரண்டுபடும். ஆணா பெட்டையா, எத்தனை நாள் குட்டி, ஒரே ஈற்றில் இரண்டாக எடுத்துவிடலாமா என்பதெல்லாம் பின்வரிசைக்குப் போய்விடும்.

சாதியை முன்னால் வைக்கும் இந்த வழக்கத்துக்கு அப்படியொன்றும் பெரிய வயதில்லை. 1859 ஜூனில் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்தில் ஒரு நாய்க் கண்காட்சி நடந்தது. பாயின்டர், செட்டர் என்ற இரண்டு வேட்டை வகைகளுக்கு மட்டுமே அனுமதி. வந்தவை 60 நாய்கள், பரிசு துப்பாக்கி. பாயின்டர்களுக்குத் தீர்ப்புச் சொன்னவரின் செட்டர் ஒரு பரிசைத் தட்டிச் சென்றது. செட்டர்களுக்குத் தீர்ப்புச் சொன்னவரின் பாயின்டர் இன்னொரு பரிசைத் தட்டிச் சென்றது. யாரும் பெரிதாகக் குறை சொன்னதாகத் தெரியவில்லை. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் பிறந்தது. வம்சாவளிப் பதிவேடு வந்தது. காது எப்படித் தொங்க வேண்டும், வால் எங்கே வளைய வேண்டும், தோள் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் எழுத்தில் ஏறின. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தையின் கை நீண்டால் அந்த நாய் என்ன செய்யும் என்பதை எழுத அந்த ஏட்டில் பத்தி இல்லை.

பிறகு சினிமா வந்தது. 1985இல் டிஸ்னி நிறுவனம் டால்மேஷியன் நாய்களின் படத்தை மீண்டும் திரையிட்டபோது அமெரிக்கப் பதிவேட்டில் ஆண்டுக்கு 8,170 டால்மேஷியன்கள் சேர்ந்துகொண்டிருந்தன. 1993இல் அது 42,816. குதிரை வண்டிக்கு இணையாக மைல்கணக்கில் ஓடுவதற்காக வளர்க்கப்பட்ட இனம் அது. அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் அந்த ஓட்டத்தையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டும்?

நாயின் தோற்றத்தை விட்டுவிட்டுக் குணத்தை அளந்து பார்க்க முனைந்த முக்கியமான முயற்சி ஒன்று நாய் வளர்ப்போரிடமிருந்து வரவில்லை. ஜான் பால் ஸ்காட் என்ற விலங்கியலாளரிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் அவர் கல்லூரி ஆசிரியராக இருந்த காலத்தில், ஒரு பெண் ஆட்டுக்குட்டியைப் பிறந்ததிலிருந்து பத்து நாள் வீட்டிலேயே வைத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார்கள். பிறகு மந்தையோடு விட்டார்கள். அது மந்தையில் சேரவே இல்லை. ஆண்டுகள் கழிந்தும் மற்ற ஆடுகள் ஒரு பக்கம் மேய, அது தனியாக மேய்ந்தது. பத்தே நாள் ஒரு வாழ்க்கையைத் திருப்பிவிடுமா என்ற கேள்வி ஸ்காட்டை விடவில்லை.

1945இல் அவர் மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பருக்கு வந்தார். அங்கே இருந்த ஜாக்சன் ஆய்வகம் எலிகளுக்குப் பேர்போனது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் அங்கே நாய் ஆய்வு தொடங்கியது. 1947 அக்டோபரில் ஊரைச் சூழ்ந்த காட்டுத்தீயில் ஆய்வகத்தின் முதன்மைக் கட்டடம் எரிந்துபோனது. நாய் ஆய்வு மட்டும் நிற்கவில்லை. பசென்ஜி, பீகிள், காக்கர் ஸ்பானியல், ஷெட்லண்ட் ஷீப்டாக், ஃபாக்ஸ் டெரியர் என்று ஐந்து இனங்கள். எல்லாக் குட்டிகளுக்கும் ஒரே மாதிரி இடம், ஒரே மாதிரி தீனி, ஒரே மாதிரி சோதனை. ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் எழுதிய புத்தகம் 1965இல்தான் வெளிவந்தது.

இரண்டாவது நாய் வாங்க நினைக்கிறவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் நிறையச் சரக்கு உண்டு. ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டை எதிரெதிரே விட்டு நடுவில் ஒரே ஓர் எலும்பைப் போடுவார்கள். பத்து நிமிடத்தில் அது யார் வாயில் இருக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். டெரியர், பசென்ஜி ஜோடிகளில் ஆண் பெட்டையை அடக்கியது. பீகிள், காக்கர் ஜோடிகளில் ஆண் பெண் வேறுபாடு பெரிதாக எடுபடவில்லை. டெரியர் குட்டிகளிடம் இன்னொரு விபரீதமும் தெரிந்தது. ஏழு வாரம் ஆனதும் கூடப்பிறந்தவை கூட்டாகச் சேர்ந்து ஒன்றைக் குறிவைத்துக் கடித்தன. மூன்றுக்கு மேல் ஒன்றாக வைக்க முடியாமல் பிரித்து வைத்தார்கள். 'ஒண்ணுக்கு ஒண்ணு துணையா இருக்கட்டும்' என்று ஒரே ஈற்றில் இரண்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

அதே ஆய்வகத்தில் டேனியல் ஃப்ரீட்மன் செய்த சோதனை பிள்ளை பெற்றவர்களுக்கு இன்னும் சுவையானது. ஒவ்வோர் ஈற்றிலும் பாதிக் குட்டிகளுக்கு மூன்றாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை செல்லமோ செல்லம். விளையாட்டு, கொஞ்சல், தடை என்பதே இல்லை. மீதிப் பாதிக்கு உட்கார், நில், வா என்ற கண்டிப்பு. பிறகு அறையின் நடுவில் ஒரு கிண்ணம் இறைச்சி வைக்கப்படும். குட்டி வாய் வைத்தால் சுருட்டிய செய்தித்தாளால் பின்பக்கத்தில் ஒரு தட்டு, கூடவே ஓர் அதட்டல். மூன்று நிமிடம் கழித்து ஆள் வெளியே போய்விடுவார். இனி எவ்வளவு நேரத்தில் குட்டி கிண்ணத்துக்குப் போகிறது என்பதுதான் கணக்கு. பசென்ஜிகள் ஆள் மறைந்ததுமே தின்றன, எப்படி வளர்த்திருந்தாலும் சரி. ஷெட்லண்ட் குட்டிகள் எப்படி வளர்த்திருந்தாலும் தொடத் துணியவில்லை. வளர்ப்பு வேலை செய்தது பீகிளிடமும் டெரியரிடமும்தான். அதிலும் எதிர்பார்த்ததற்குத் தலைகீழ்: செல்லம் கொடுத்து வளர்த்தவைதான் நெடுநேரம் தயங்கி நின்றன. சாதியா வளர்ப்பா என்ற பட்டிமன்றத்தில் நடுவர் திணறிப்போகும் இடம் இது.

இதற்கெல்லாம் நாட்டின் மறுகோடியில் ஒரு வாடிக்கையாளர் இருந்தார். கலிஃபோர்னியாவில் பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கும் பள்ளி ஒன்று 1942இல் தொடங்கியிருந்தது. போரில் கண்ணிழந்து திரும்பும் வீரர்கள்தான் முதல் நோக்கம். பள்ளியின் முதல் நாய்களில் ஒன்றான பிளாண்டி என்ற ஜெர்மன் ஷெப்பர்ட், பசடேனா ஊரின் தெருநாய்க் காப்பகத்திலிருந்து வந்தது. கிடைத்த நாய், தானமாக வந்த நாய் என்று எல்லாவற்றையும் எடுத்துப் பழக்கினார்கள். பள்ளி பின்னர் சான் ரஃபேலுக்கு இடம் மாறியது. அங்கே குட்டித் தேர்வுக்குப் பொறுப்பேற்ற கிளாரன்ஸ் ஃபாஃபன்பெர்கர் எழுதிய கணக்குப்படி, 1946இல் பயிற்சியில் சேர்ந்த நாய்களில் 9 சதவீதம்தான் தேறின. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று வீண். உயர்ந்த வம்சாவளியும் கைகொடுக்கவில்லை.

அவர் பார் ஹார்பருக்குப் போய் ஸ்காட்டைப் பார்த்தார். அதன் பிறகு சான் ரஃபேலிலேயே குட்டிகளை ஈன வைத்து, எட்டாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை வாரம் ஒருமுறை சோதித்தார்கள். பொருளை வீசினால் மனம் உவந்து எடுத்து வருகிறதா என்பதை ஃபாஃபன்பெர்கர் மிக முக்கியமாகக் கருதினார். சோதனை முடிந்த குட்டிகள் போன இடம்தான் இந்தக் கதையின் மையம். அவை 4-எச் என்ற கிராமப்புறச் சிறுவர் இயக்கத்துப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போயின. கன்றுக்குட்டியையும் பன்றிக்குட்டியையும் வளர்த்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோய்ப் பழகியிருந்த பிள்ளைகள் அவர்கள். இப்போது வளர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியது ஒரு நாய். ஏறக்குறைய ஓராண்டு தன் வீட்டில் வைத்து, கடைக்கும் தெருவுக்கும் கூட்டிப்போய், ஒருநாள் பள்ளியில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும் நாளில் அழாத பிள்ளை இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

1958இல் தேர்ச்சி 90 சதவீதம் என்று ஃபாஃபன்பெர்கர் எழுதினார். ஆனால் அவரும் ஸ்காட்டும் 1959இல் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் அதைவிட முக்கியமான ஒன்று இருந்தது. எல்லாச் சோதனைகளிலும் தேறிய குட்டிகளையே எடுத்துக்கொண்டார்கள். சோதனை முடிந்து ஒரு வாரத்துக்குள் வீடு போய்ச் சேர்ந்தவற்றில் 90 சதவீதம் வழிகாட்டி நாய் ஆயின. மூன்று வாரத்துக்கு மேல் கொட்டிலில் காத்துக் கிடந்தவற்றில் 30 சதவீதம்தான். அதே ரத்தம், அதே மதிப்பெண். தாமதமாகக் கிடைத்தது மனுஷ வீடு ஒன்றுதான். குழந்தைகளுக்கு ஏற்ற நாயைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருக்க, நாயை ஏற்றதாக ஆக்கிக்கொண்டிருந்தவர்கள் குழந்தைகள் என்றே இந்தக் கணக்கைப் படிக்கத் தோன்றுகிறது.

எந்த வாரம் முக்கியம் என்பதற்கும் விடை வந்தது. ஃப்ரீட்மனும் அவருடைய தோழர்களும் எட்டடி வேலி போட்ட ஓர் ஏக்கர் மைதானத்தில் காக்கர், பீகிள் குட்டிகளைத் தாயோடு விட்டார்கள். தீனியும் தண்ணீரும் வேலி ஓட்டை வழியாக. மனித முகமே கண்ணில் படாது. வெவ்வேறு வயதில் சில குட்டிகளை ஒரு வாரம் மட்டும் உள்ளே கொண்டுவந்து கொஞ்சினார்கள். மூன்று வாரக் குட்டி உடனே ஒட்டிக்கொண்டது. ஏழு வாரக் குட்டிக்கு இரண்டு நாள் பிடித்தது. பதினான்கு வாரம் வரை ஆள் முகம் பார்க்காதவை காட்டு விலங்குபோல ஒதுங்கி ஓடின. அதில் ஒன்றை மூன்று மாதம் தடவிக் கொடுத்தும் பெரிய பலன் இல்லை. 1961இல் இது சயன்ஸ் இதழில் வெளியானது.

பின்னர் இந்த அறிவு கைமாறிக் கைமாறி மலிவானது. ஏழாவது வாரத்தில் குட்டியை மல்லாக்கப் போட்டு, திமிறுகிறதா அடங்குகிறதா என்று பார்த்து மதிப்பெண் போடும் சோதனைகள் 1970கள் முதல் பரவின. ஒரு மணி நேரத்தில் எதிர்காலம் சொல்லும் சோதனை என்றால் யாருக்குத்தான் பிடிக்காது! ஆனால் வியன்னாவில் பார்டர் கோலி குட்டிகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஆறேழு வார வயதுச் சோதனைக்கும் வளர்ந்த நாயின் குணத்துக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. புது இடத்தைத் துருவிப் பார்க்கும் ஆர்வம் ஒன்று மட்டும் ஓரளவு ஒத்துப்போனது. சாதிக்கும் அடி விழுந்தது. 18,385 அமெரிக்க நாய்களைப் பற்றி உரிமையாளர்கள் சொன்ன பதில்களை வைத்து 2022இல் வந்த ஆய்வு, தனித்தனி நாய்களின் குண வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிவது சுமார் 9 சதவீதம்தான் என்றது.

இந்தியாவில் 2017இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. 'நாற்பது நாள் குட்டி' என்ற விளம்பரம் அதற்கு முன்னும் இருந்தது, பின்னும் இருக்கிறது. எட்டு வாரம் தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருப்பது நல்லதுதான். ஆனால் மனிதரோடு பழக வேண்டிய மூன்றாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரையான காலம் முழுதும் அப்போது விற்பவர் கையில் கழிகிறது. கம்பிக்கூண்டில் கழிந்ததா, சமையலறை வாசலில் பிள்ளைகளின் கால்களுக்கிடையே கழிந்ததா என்று சான்றிதழில் இருக்காது. போய்த்தான் பார்க்க வேண்டும். தாய்நாயைக் காட்டத் தயங்குகிறவரிடம் குட்டி வாங்கவே வேண்டாம்.

சான் ரஃபேல் பள்ளி இன்றும் இயங்குகிறது. குட்டிகளும் முன்போலவே வீடுகளில்தான் வளர்கின்றன. அணிலைக் கண்டால் கயிற்றை இழுப்பவை, லாரிச் சத்தத்துக்கு மிரள்பவை எனத் தேறாத நாய்கள் இன்றும் உண்டு. வேறு வேலை எதற்கும் பொருந்தாத நாயை எடுத்துக்கொள்கிறீர்களா என்று பள்ளி முதலில் கேட்பது, அதை வளர்த்த குடும்பத்தைத்தான். அது திரும்பி வந்து சேரும்போது, பச்சை மேலங்கி போட்ட அடுத்த குட்டி அந்த வீட்டில் குடியேறியிருப்பதும் உண்டு. அப்படியானால் பழைய நாய்தான் அங்கே இரண்டாவது.