தெமோதரை: தன்னடியே புகும் இருப்புப்பாதை

இலங்கையின் ஊவா மாகாணத்தில், எல்லவுக்கும் பதுளைக்கும் இடையே தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மலைச்சரிவில் இருக்கும் தெமோதரை, சில வண்டிகள் மட்டுமே நின்று செல்லும் சிறிய கிராமப்புற ரயில் நிலையம். ஆயினும் நிலையத்தைக் கடந்த இருப்புப்பாதை குன்றைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்திற்கு நேர் கீழே குடையப்பட்ட சுரங்கத்தினுள் நுழைந்து செல்வதால், இவ்வூர் இன்று உலகெங்கிலுமிருந்து பயணிகளை ஈர்க்கிறது.

இப்பாதை காட்சிக்காக அமைக்கப்பட்டதன்று. மலைநாட்டில் விளைந்த காப்பியை மாட்டுவண்டிகளில் கொழும்புத் துறைமுகத்திற்கு இறக்குவதில் காலமும் பணமும் விரயமானதால், தோட்ட முதலாளிகள் ரயில்பாதை கோரினர்; 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் வண்டி ஓடியது, 1867இல் பாதை கண்டியை எட்டியது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பிப் பயிரை அழித்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்த பின்னர், பாதை தோட்டங்களைத் தொடர்ந்து மேலேறி 1885இல் நானுஓயாவையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. அங்கிருந்து ஏறத்தாழ 20 மைல் தொலைவிலுள்ள பதுளைக்கு 1924இல்தான் வண்டி சென்றது என்பது, எஞ்சியிருந்த நிலப்பகுதி எத்துணை கடினமானது என்பதைக் காட்டுகிறது.

கடினத்திற்குக் காரணம் சரிவு விகிதம், அதாவது குறிப்பிட்ட நீளத்திற்குள் பாதை எவ்வளவு ஏறலாம் அல்லது இறங்கலாம் என்னும் கணக்கு. இம்மலைப்பாதையில் 44 அடி நீளத்திற்கு 1 அடிக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது என்பதே வரம்பு. அதை மீறினால் நீராவி எஞ்சின்களால் சுமையேற்றிய வண்டிகளை இழுக்கவும் இயலாது, அடக்கி இறக்கவும் இயலாது. தெமோதரையில் நிலம் சட்டென்று தாழ்வதால், பொறியாளர்கள் பாதையைச் சுமார் 900 மீட்டர் நீளத்திற்குக் குன்றைச் சுற்றி வளைத்து, வேண்டிய உயரத்தைச் சிறிது சிறிதாக இழக்கச் செய்தனர். இவ்வாறு தன்னையே கீழாகக் கடக்கும் அமைப்பு சுருள்பாதை எனப்படும்.

இவ்வமைப்புக்கு ஒரு கங்காணியே வழிகாட்டினார் என்று மலையகத்தில் ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது. கங்காணி என்பவர் தென்னிந்திய ஊர்களில் ஆள் திரட்டிவந்து தோட்டத்தில் அவர்களை மேற்பார்வை செய்தவர். அவர் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றுவதைக் கண்ட பொறியாளருக்குச் சுருளாக இறங்கும் எண்ணம் பிறந்ததாம். கதை வரலாறாகாவிடினும், அதைச் சொல்லி வந்த மக்களுக்கு இப்பாதையில் உள்ள உரிமையை அது நினைவூட்டுகிறது. இப்பாதை சுமந்த தேயிலை, மதுரை, திருச்சி, சேலம், ராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து வந்து லயன் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் கிள்ளிய கொழுந்திலிருந்து உருவானது. அவ்வாறு நாட்டின் ஏற்றுமதியைத் தாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது.

தேயிலைச் சரக்கு பிற்காலத்தில் பெரும்பாலும் லாரிகளுக்கு மாறியதால் பாதையின் பழைய தேவை குறைந்தது; எனினும் எந்தச் சரிவு பொறியாளர்களுக்கு இடையூறாக இருந்ததோ அதுவே பயணிகளை அழைத்துவந்தது. செங்கல், கல், சிமெண்ட் கொண்டு கட்டப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தை எல்லவுக்கு அருகில் கண்டவர்கள் தெமோதரைக்கும் வருகின்றனர். மேடையிலிருந்து புறப்பட்ட வண்டி குன்றின் பின்னால் மறைந்ததும், அவர்கள் நிலையத்தின் மறுபுறம் விரைந்து, காலடியிலுள்ள சுரங்கத்திலிருந்து அது வெளிப்படுவதற்காகக் காத்திருக்கின்றனர்.

பொறியியல் திறனுக்கான இவ்வியப்பு நியாயமானதே. ஆனால் சுருள்பாதையின் சரிவையும் நீளத்தையும் பயணிக்கு விளக்குவோர், அப்பாதை யாருடைய உழைப்பின் விளைச்சலைச் சுமப்பதற்காக மலையைச் சுற்றியது என்பதையும் சேர்த்து விளக்கினால்தான், தெமோதரையின் வரலாறு முழுமையாகச் சொல்லப்பட்டதாகும்.