கடலை எண்ணிய கதை



எங்கள் ஆம்பூருக்கும் கடலுக்கும் நெடுந்தொலைவு. ஆயினும் கடல்மீனின் மணத்தை நான் சிறுவயதிலேயே அறிவேன். என் தந்தையார் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதிவந்தார். பதனிட்ட தோல் உலரும்போது விறைத்துப் போகாதிருக்க, மீன் எண்ணெயைப் பக்குவப்படுத்திப் பெரிய மர உருளைகளில் தோலுடன் இட்டுச் சுழற்றுவார்கள். அந்த எண்ணெய்ப் பீப்பாய்களைக் கண்ட நான் ஒருநாள், "கடலில் எத்தனை மீன் இருக்கும், அப்பா?" என்று கேட்டேன். "தோலை அடுக்கி எண்ணலாம், கடலை யாரடா எண்ணுவது?" என்று அவர் சிரித்தார். கடலையும் எண்ண முனைந்தோர் உண்டு என்பதை நான் ஆசிரியனான பின்னரே அறிந்தேன். அவர்களுடைய வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

1883 ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் நடந்த மீன்வளக் கண்காட்சியில், தாமஸ் ஹக்ஸ்லி என்னும் பேரறிஞர், பெருங்கடல் மீன்வளம் மனிதன் பிடிப்பதனால் வற்றிவிடாது என்னும் கருத்தை வெளியிட்டார். அன்று அதனை மறுக்கப் போதிய கணக்கு எவரிடமும் இல்லை. பின்னர் டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர்சன், பிடித்த மீன்களுக்கு அடையாளமிட்டு மீண்டும் கடலில் விடும் முறையைக் கையாண்டார்.

இம்முறையை நான் வகுப்பில் புளியங்கொட்டைகளைக் கொண்டு விளக்குவதுண்டு. ஒரு பானையில் உள்ள கொட்டைகளில் நாற்பதை எடுத்துச் சுண்ணாம்பு தடவிப் பானையிலிட்டுக் குலுக்குவோம். பின்பு ஒரு மாணவன் கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது கொட்டைகளை எடுப்பான். அவற்றில் ஐந்து, சுண்ணாம்பு பூசியவை என்றால், பத்தில் ஒன்று அடையாளமிட்டது. ஆகவே பானையில் ஏறக்குறைய 400 கொட்டைகள். அடுத்த மாணவன் எடுக்கும்போது எட்டு வந்தால் கணக்கு 250 ஆகிவிடும். "எது சரி, ஐயா?" என்பார்கள் மாணவர்கள். "ஒரு தடவை எடுத்ததை நம்பாதே, பன்முறை எடு, உன் கணக்கில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்" என்பேன். புள்ளியியலின் முதற்பாடம் இதுவே.

நார்வே நாட்டு யோகான் யோர்ட் மற்றொரு வழி கண்டார். மரத்தின் வயதை வளையங்கள் காட்டுவதுபோல, மீனின் வயதை அதன் செதில் வளையங்கள் காட்டும். 1904 ஆம் ஆண்டில் பிறந்த ஹெர்ரிங் மீன்களே பல ஆண்டுகள் வலைகளை நிரப்பின என்பதை அவர் 1914 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். மீன்வளம் ஏறி இறங்குவதற்கு மனிதன் மட்டும் காரணமல்லன்; குஞ்சுகள் மிகுதியாகப் பிழைக்கும் ஆண்டும் உண்டு, பிழைக்காத ஆண்டும் உண்டு என்பது அதனால் தெளிவாயிற்று. அதே ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. வடகடலில் மீன்பிடிப்பு பெரிதும் குறைந்தது. போர் ஓய்ந்தபின் வலை வீசியோர் பெரிய மீன்களை மிகுதியாகக் கண்டனர். மனிதன் சற்றுக் கையை எடுத்தால் கடல் தேறும் என்பதும் இவ்வாறு புலனாயிற்று.

இவ்விரு உண்மைகளையும் இணைத்துச் சூத்திரங்கள் பிறந்தன. 1954 இல் ஷேஃபரும், 1957 இல் பெவர்டன், ஹோல்ட் ஆகிய இருவரும் வகுத்தவை புகழ்பெற்றவை. அவற்றின் கருத்தை நம் வீட்டு மொழியிலேயே சொல்லிவிடலாம். கடலில் உள்ள மீன் முதல். ஆண்டுதோறும் பெருகுவது வட்டி. வட்டியை உண்பவன் வாழ்வான். முதலை உண்பவன் பட்டினி கிடப்பான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1905 இல் பிரடெரிக் நிக்கல்சனைச் சென்னை அரசு மீன்வளம் பற்றி ஆராய அமர்த்தியது. மலையாளக் கரையில் மத்தி என்னும் நெய்ச்சாளையிலிருந்து எண்ணெய் எடுக்கும் தொழில் அவர் முயற்சியால் சீர்பட்டது. ஆனால் மத்தி ஒரு விந்தையான மீன்; சில ஆண்டுகள் கரையெங்கும் குவியும், சில ஆண்டுகள் மறைந்துவிடும். வரத்துக் குறைந்தபோது, 1943 இல் சென்னை அரசு சினை மத்தியையும் குஞ்சு மத்தியையும் பிடிக்கக் கட்டுப்பாடு விதித்தது. பின்னர் அதனை விலக்கிக்கொண்டது. குறைவுக்குக் காரணம் வலையா, கடலின் இயல்பா? தீர்த்துரைக்க நீண்டகாலக் கணக்கு இல்லை. கணக்கில்லாத இடத்தில் விதிக்கப்படும் தடையின் சுமை, அன்றாடம் உழைத்து உண்ணும் மீனவனின் தலையிலேயே விழுகிறது.

1947 இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. இத்தனை நீண்ட கரையில் வந்திறங்கும் ஒவ்வொரு படகையும் எண்ணுதல் இயலாது. சுகாத்மே முதலிய புள்ளியியல் அறிஞர்கள் மாதிரி எடுப்பு முறையை ஆய்ந்து 1958 இல் கட்டுரை வெளியிட்டனர். கரையை மண்டலங்களாகப் பிரித்து, துறைகளையும் நாட்களையும் விருப்பு வெறுப்பின்றித் தேர்ந்து, அங்கே சில படகுகளின் மீனை நிறுத்து, அதைக்கொண்டு முழுமையைக் கணித்தல் அம்முறை. புளியங்கொட்டைப் பானையே கடலளவு விரிந்தது என்னலாம். அத்தகைய கணக்கினால்தான் கேரளத்தில் 2012 இல் ஏறக்குறைய 4 இலட்சம் டன் கிடைத்த மத்தி, 2021 இல் 3,297 டன்னாகச் சுருங்கியதை நாம் அறிகிறோம். கடலின் வெப்பநிலை முதலிய மாறுதல்களோடு, குஞ்சுகளைப் பிடித்ததும் ஆராயப்பட்டது. பத்துச் சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கலாகாது என்பது 2015 இலேயே கேரளம் வகுத்த விதி. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாதிருப்பதும் மீன் பெருகும் பொருட்டே.

கணக்கு பிழைபடாதோ எனில், பிழைபடும். கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில், பெருங்கப்பல்கள் மீன் திரண்ட இடம் தேடிச் சென்று வலையை நிரப்பின. அவ்வரத்தை நம்பிய அறிஞர், கடலில் காட் மீன் மிகுதி எனக் கணித்தனர். கரையோரச் சிறு மீனவர் தம் மீன் குறைவதைச் சொல்லியும், அச்சொல் உரிய காலத்தில் ஏறவில்லை. 1992 இல் மீன்பிடிப்பையே நிறுத்த நேர்ந்தது. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தனர்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பாலாறு நினைவுக்கு வரும். எங்கள் பக்கத்துக் கிணற்று நீர் கரித்தபோது உழவர்கள் முறையிட்டார்கள்; "அளந்து காட்டு" என்பதே விடையாக வந்தது. 1996 இல் வேலூர் மக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ ஓரளவோ பாழ்பட்டது என்னும் ஆய்வுக் கணக்கு அதில் இடம்பெற்றது. மீளாத கேடு நேருமென்ற அச்சம் உள்ளபோது, முழுச் சான்று இல்லை என்பதைக் காட்டித் தடுப்பு முயற்சியைத் தள்ளிப்போடலாகாது என்னும் நெறியையும் நீதிமன்றம் ஏற்றது. மீன்வள ஆட்சிக்கும் 1995 இல் உலக உணவு வேளாண்மை அமைப்பு வகுத்தது அந்நெறியே.

என் தந்தையாரும் அந்த ஆற்று நீரைக் குடித்தவர். அந்தத் தொழிலின் ஊதியத்தில்தான் என்னைப் படிக்கவைத்தார். ஆதலால் தொழிலைப் பழிக்க என் நா எழவில்லை. வந்த தோலையும் சென்ற தோலையும் நாள்தோறும் எழுதிவைத்தோம். ஆற்றுக்கு ஏடு ஒன்று தொடங்க மறந்தோம் என்பதே என் வருத்தம்.

மாணவர்களே, கணிதத்தைத் தேர்வுக்கு மட்டும் கற்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத செல்வத்தைக் காக்கும் விளக்கு அது. விளக்கைக் கையில் ஏந்துங்கள்; நீரில் இறங்கி உழைப்பவனின் சொல்லுக்குச் செவியும் கொடுங்கள்.