குயில் பாட்டின் யாப்பும் அதன் ஈற்றடியும்

பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில் (1908–1918) இயற்றிய குயில் பாட்டைக் கலிவெண்பா எனக் குறிப்பது வழக்கம். சீரையும் தளையையும் நோக்கின் அவ்வழக்குப் பொருத்தமுடையதே. ஈற்றடியை நோக்கின் ஐயம் எழுகிறது.

கலிவெண்பா மடல், உலா, தூது ஆகிய சிற்றிலக்கியங்களுக்கு உரிய யாப்பாக நெடுங்காலம் வழங்கியது. மூன்றும் காதலைப் பாடுபவை. தூது விடத்தக்க பத்துப் பொருள்களுள் குயிலையும் ஒன்றாக இரத்தினச்சுருக்கம் எண்ணுகிறது. பாரதியாரின் குயிலோ எவர் செய்தியையும் சுமக்கவில்லை. அதுவே காதலிக்கிறது, தன் காதலைத் தானே பாடுகிறது. தூதின் யாப்பை ஏற்ற கவிஞர், தூதுப் பறவையைத் தலைவியாக்கிவிட்டார்.

உலாவிலும் தூதிலும் தனிச்சொல் பெற்ற கண்ணிகள் பெருவழக்கு. அங்குப் பொருள் பெரும்பாலும் கண்ணிக்குள் அமைந்து நிற்கும். குயில் பாட்டின் தொடக்கத்தில் ஈரடி எதுகை உண்டு, தனிச்சொல் இல்லை. முதலடியில் ஒரூஉ மோனையும் இரண்டாமடியில் பொழிப்பு மோனையும் அமைய, ஒரே தொடர் மூன்று எதுகை இணைகளைக் கடந்து நான்காம் இணையில்தான் மாஞ்சோலையைச் சென்றடைகிறது. எதுகை ஓசையைக் கட்டுகிறது, பொருளைக் கட்டவில்லை. கதை சொல்வதற்கு இந்நெகிழ்ச்சி இன்றியமையாதது. குயில் பாடும் இடத்தில் மட்டும் வெண்பா ஓசை விலகி, இராகமும் தாளமும் குறிக்கப்பெற்ற இசைப்பாட்டு இடம்பெறுகிறது. கதை சொல்பவனின் யாப்பு வேறு, குயிலின் யாப்பு வேறு.

கலிவெண்பாவின் ஈற்றடி முச்சீராய், நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடிதல் வேண்டும். 95 அடிகளாலான சிவபுராணம் அவ்வாறே முடிகிறது. குயில் பாட்டின் இறுதியடியோ நாற்சீர் பெற்றுக் காய்ச்சீரில் நிற்கிறது. சிதைந்த பாடம் என்று இதனைத் தள்ளவும் இயலாது. முந்தைய அடியோடு எதுகை பொருந்துகிறது, தளைகள் மூன்றும் வெண்டளையாகவே உள்ளன. யாப்பிலக்கணம் கண்டிப்பாக நோக்கின், இது கலிவெண்பாவின் ஓசையில் நடந்து அதன் முடிவை மட்டும் ஏலாத பாடல் ஆகும்.

அவ்வடி ஒரு வினா. கற்பனைக்கு வேதாந்தப் பொருள் காண இடமுண்டா எனப் புலவரை நோக்கி அது கேட்கிறது. அதன் தத்துவத்தை விரித்துரைத்தோர் பலர். அவ்வினா எழுப்பப்படும் அடி, புலவர் எதிர்பார்க்கும் முச்சீர் முடிவைத் தரவில்லை என்பதும் பொருள்கோளில் எண்ணப்பட வேண்டியது.