தேயிலைக் கணக்கிலிருந்து கணினி விளையாட்டு வரை

கணினியின் நினைவகத்துக்கும் தேயிலைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு என்று சொன்னால் மலையக நண்பர்களே நம்ப மறுக்கிறார்கள். வணிக நிறுவனம் ஒன்றின் அன்றாடக் கணக்கு வேலைக்காக உலகில் முதன்முதலில் இயங்கிய கணினி 'லியோ'. அதை 1951இல் இயக்கியது, இங்கிலாந்தில் தேநீர்க்கடைகள் நடத்தித் தேயிலையைப் பொதி செய்து விற்ற லயன்ஸ் நிறுவனம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினியைப் பின்பற்றி அமைக்கப்பட்ட லியோ, பின்னாளில் ஊழியர் சம்பளத்தையும் தேயிலைக் கலவைக் கணக்கையும் போட்டது. அதே ஆண்டுகளில் பொகவந்தலாவைத் தோட்டங்களில் பேரும் அரைப்பேரும் செக்ரோலில் கையால்தான் எழுதப்பட்டன.

லியோவின் நினைவகம் என்பது பாதரசம் நிரப்பிய 64 குழாய்கள். தகவல் ஒலியலையாக ஒரு முனையில் புகுந்து மறுமுனையை அடையும். அடைந்ததும் மீண்டும் முதல் முனைக்கே அனுப்பப்படும். சுற்றிக்கொண்டிருக்கும் வரைதான் நினைவு. இத்தனை ஏற்பாட்டுக்கும் மொத்தக் கொள்ளளவு ஒன்பது கிலோபைட்டுக்குச் சற்றுக் குறைவு.

இன்று நாம் 'ரேம்' என்று கேட்டு வாங்கும் பொருளின் மூலக் கருத்து 1966இல் ஐ.பி.எம். ஆய்வாளர் ரொபர்ட் டெனார்டுக்குத் தோன்றியது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, அவ்வளவே. 1968இல் காப்புரிமை கிடைத்தது. மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டம் கசிந்துவிடும் என்பதால், ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுபோல வினாடிக்குப் பல தடவை அதை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 1970இல் இன்டெல் வெளியிட்ட 1103 என்னும் சில்லு 1,024 பிட்டுகளைத் தாங்கியது. காந்த வளையங்களைக் கையால் கோத்துச் செய்யப்பட்டுவந்த பழைய நினைவகங்கள் அந்தப் பத்தாண்டிலேயே ஒதுங்கிப்போயின.

இந்த வரலாற்றை மீண்டும் புரட்டிப் பார்க்க நேர்ந்ததற்குக் காரணம் பொகவந்தலாவை இளைஞன் ஒருவன். நண்பரின் மகன். விளையாட்டுக்கென்று ஒரு கணினியைத் தானே பொருத்த முயன்றுகொண்டிருந்தான். "மாமா, 16 கிகாபைட் ஒரே துண்டா வாங்கவா, எட்டு எட்டா ரெண்டு வாங்கவா?" என்று தொலைபேசியில் கேட்டான். கேள்வி சிறியது. ஆனால் அவனுடைய தாய் கொழுந்து பறிப்பவர். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. நினைவகத்தின் விலையோ 2025இன் பிற்பகுதியில் கிடுகிடுவென ஏறியது. செயற்கை நுண்ணறிவு நிலையங்களுக்கு விற்பதே இலாபம் என்று உற்பத்தியாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். மைக்ரோன் நிறுவனம் சாதாரண நுகர்வோருக்கான தனது 'குருஷியல்' வியாபாரத்தையே கைவிடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பிழையாக ஒரு துண்டு வாங்கினால் போவது அந்தத் தாய் மலையேறிய நாட்கள்.

பெரிய பெயர்களை நம்பி வாங்கியவர்கள் கைசுட்டுக்கொண்ட கதை ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டு நவம்பரில் பென்டியம் 4 வந்தபோது, அதற்கு ராம்பஸ் நிறுவனத்தின் 'ஆர்.டி.ரேம்' நினைவகமே பொருத்தம் என்றது இன்டெல். விலை அதிகம். இணையாகத்தான் போடவேண்டும். காலியாக விட்ட செருகிகளிலும் வெற்று அட்டையைச் செருகவேண்டும்! அதற்குப் போட்டியாக எழுந்த டி.டி.ஆர். மலிவானது; பல நிறுவனங்கள் கூடி வகுத்த பொதுத் தரம். சில ஆண்டுகளிலேயே இன்டெல்லும் அதன் பக்கம் வந்துவிட்டது. ராம்பஸ் வாங்கியவர்களுக்கு, பிறகு கூட்டிப் போடுவதற்குச் சாமான் தேடுவதே பெரும்பாடாயிற்று.

டி.டி.ஆர். பரம்பரையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடும் வேக எண் 400இலிருந்து 1600, 3200, 6000 என்று ஏறிக்கொண்டே வந்தது. பக்கத்தில் சிறிதாக 'சி.எல்.' என்று ஓர் எண் இருக்கும். அதை 2000ஆல் பெருக்கி வேக எண்ணால் வகுத்தால், கேட்ட தகவலுக்காகக் காத்திருக்கும் நேரம் நானோ செக்கன்களில் கிடைக்கும். டி.டி.ஆர். 400, சி.எல். 2: பத்து. டி.டி.ஆர்.4 3200, சி.எல். 16: பத்து. டி.டி.ஆர்.5 6000, சி.எல். 30: அதுவும் பத்து. இருபது ஆண்டுகளில் ஒரே தடவையில் அள்ளிவரும் அளவு பெருகியதே ஒழிய, முதல் சொட்டு வந்துசேரும் நேரம் அசையவில்லை. ஆகவே 3200, சி.எல். 22 என்று மலிவாகக் கிடைப்பதும் 3200, சி.எல். 16 என்பதும் ஒரே சரக்கு அல்ல. விற்பவர்கள் இதைச் சொல்வது அபூர்வம். வண்ண விளக்கு எரிகிறதா என்பதைத்தான் முதலில் காட்டுவார்கள்.

அவனுக்கு நான் சொன்னது இது. தாய்ப்பலகை எந்தத் தலைமுறையோ, நினைவகமும் அந்தத் தலைமுறையாகவே இருக்கவேண்டும். டி.டி.ஆர்.4 துண்டும் டி.டி.ஆர்.5 துண்டும் வெட்டு இடம் மாறியவை. ஒன்று மற்றதன் செருகியில் உட்காராது. எட்டு எட்டாக இரண்டே நல்லது. ஒன்றைப் போட்டால் ஒரு வழி, இரண்டைப் போட்டால் இரு வழிகளில் தகவல் ஓடும். தனி வரைகலை அட்டை இல்லாத கணினி, திரைப்படத்துக்கும் இதே நினைவகத்திலிருந்துதான் கடன் வாங்குகிறது. அங்கே இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். 32 கிகாபைட் இருந்தால் வசதிதான், ஆனால் அந்தக் காசை வரைகலை அட்டைக்குப் போடுவதே புத்தி. டி.டி.ஆர்.5 புதியது என்பதற்காக அதன் தாய்ப்பலகையும் சேர்த்து வாங்கவேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் டி.டி.ஆர்.4 3200, சி.எல். 16 இரண்டு துண்டுகளை வாங்கிக்கொண்டு ஹட்டன் பஸ் ஏறினான். நான்கு செருகிகளில் இரண்டாவதிலும் நான்காவதிலும் போடச் சொல்லியிருந்தேன். மறுநாள் மாலை அழைத்தான். வேகம் 2133 என்றே காட்டுகிறதாம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று குமுறினான். கடைக்காரர் ஏமாற்றவில்லை. பெட்டியில் எழுதியிருக்கும் வேகம் தானாக வராது. பயோசுக்குள் புகுந்து 'எக்ஸ்.எம்.பி.' என்பதை இயக்கவேண்டும். அழைப்பைத் துண்டிக்காமலே செய்து பார்த்தான். 3200 வந்தது.