ஏழாண்டுக்குப் பின் கசியும் எண்ணெய்: வாகனத் திரும்ப அழைப்பும் அதன் காலக்கெடுவும்

2015 அக்டோபர் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 14 லட்சம் கார்களின் உரிமையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. பழுது நீக்கப்படும் வரை வண்டியை வீட்டோடு ஒட்டிய நிறுத்தறையில் விட வேண்டாம், திறந்த வெளியில் நிறுத்துங்கள் என்பதே அது. எஞ்சின் ஆயில் கசிந்து தீப்பற்றக்கூடும் என்பது காரணம். அவ்வண்டிகள் 1997 முதல் 2004 வரையிலான மாதிரிகள். அவற்றுள் பெரும்பாலானவை இதே காரணத்துக்காக முன்னரே பணிமனைக்கு அழைக்கப்பட்டு, சரிசெய்யப்பட்டு, உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டவை. அப்படிச் 'சரிசெய்யப்பட்ட' வண்டிகளில் மட்டும் ஆறாண்டுகளில் 1,345 தீ விபத்துகள் பதிவாகியிருந்தன. உயிரிழப்பு இல்லை, 19 பேருக்குச் சிறு காயங்கள். சில இடங்களில் வண்டியோடு வீடும் சேதமடைந்தது.

வாகனப் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாற்றைப் படிப்போர் இந்த நிகழ்வை அதிகம் பொருட்படுத்துவதில்லை. ஃபோர்டு பின்டோவைப் போல் இதில் நீதிமன்றப் பரபரப்பு இல்லை. அதே நிறுவனத்தின் இக்னிஷன் சுவிட்ச் விவகாரம் போல் மரணங்களும் இல்லை. ஆனால் அவ்விரண்டும் தெளிவாகக் காட்டாத ஒன்றை இது காட்டுகிறது. பழுது என்பது தொழிற்சாலையிலேயே முழுமையாகப் பிறந்துவிடுவதில்லை. சில பழுதுகள் ஆண்டுக்கணக்கில் முற்றுகின்றன. சட்டத்தின் கடிகாரமோ வண்டி விற்ற நாளிலிருந்து ஓடுகிறது.

இதன் இயக்கம் எளியது. அந்த 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினின் மேற்புறத்தை ஒரு வால்வு மூடி அடைத்திருக்கிறது. மூடிக்கும் எஞ்சினுக்கும் இடையே கசிவைத் தடுக்க ஒரு கேஸ்கட் உண்டு. வெப்பத்தாலும் ஓட்டத்தாலும் அது நாளடைவில் இறுகித் தன் நெகிழ்வை இழக்கும். திடீரெனப் பிரேக் பிடிக்கும்போது துளித்துளியாய் வெளிவரும் எண்ணெய், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு எனப்படும் புகை வெளியேற்றுத் தொகுதியின் மேல் விழும். அது போதிய சூட்டில் இருந்தால் சிறு சுடர் தோன்றும். அருகே ஸ்பார்க் பிளக் வயர்களைத் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் அச்சுடரைப் பற்றிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தியவுடன் ஆபத்து விலகுவதுமில்லை. ஓட்டுநர் இறங்கி வீட்டுக்குள் சென்ற பிறகும் தீப்பற்றலாம் என்பதால்தான் திறந்த வெளி எச்சரிக்கை.

முதல் அழைப்பு 2008இல், சூப்பர்சார்ஜர் பொருத்திய இரண்டு லட்சத்துச் சொச்சம் வண்டிகளுக்கு வந்தது. அடுத்தது 2009 ஏப்ரலில், ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகளுக்கு. இந்த இரண்டாம் அழைப்பின் தீர்வு கவனிக்கத்தக்கது: பிளக் வயர்களைத் தாங்கும் பிளாஸ்டிக் பாகத்தை மாற்றினார்கள். சுடர் பரவும் வழியை அடைத்தார்களேயன்றி, எண்ணெய் கசியும் வாயை அடைக்கவில்லை. அதற்கு அடுத்த ஜூன் மாதம் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. ஜூலையில் பிறந்த புதிய நிறுவனம், பழையதன் கடன்கள் பலவற்றை உதறினாலும் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான திரும்ப அழைப்புக் கடமையை ஏற்றுக்கொண்டது. அதனால்தான் 2015இல் மூன்றாம் அழைப்பு சாத்தியமாயிற்று. ஓல்ட்ஸ்மொபீல், பான்டியாக் என்னும் இரு வணிகப் பெயர்களும் மறைந்துவிட்ட பிறகும், அப்பெயர் தாங்கிய வண்டிகளின் உரிமையாளர்களுக்குக் கடிதம் போயிற்று.

இத்தகைய கடமை எங்கிருந்து வந்தது? ரால்ஃப் நேடரின் நூல் 1965இல் வெளிவரும் வரை, விபத்துக்கு ஓட்டுநரே காரணம் என்பதே அமெரிக்கப் பொதுப்புத்தி. 1966 செப்டம்பரில் இயற்றப்பட்ட தேசிய சட்டம் பழுதை உரிமையாளருக்கு அறிவிக்கும் கடமையை உற்பத்தியாளர் மேல் சுமத்தியது. அறிவிக்கத்தான் வேண்டும், இலவசமாகச் சரிசெய்யும் கட்டாயம் 1974ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. அதிலும் ஒரு வரம்பு இருந்தது: முதல் விற்பனையிலிருந்து எட்டு ஆண்டுகள். 2000இல் அது பத்தாயிற்று. 2015 டிசம்பரில் பதினைந்தாயிற்று. ஆக, மூன்றாம் அழைப்பு வந்த அக்டோபரில் அவ்வண்டிகளுள் மிகப் பெரும்பாலானவை பத்தாண்டு எல்லையைக் கடந்திருந்தன. நிறுவனம் நினைத்திருந்தால் இலவசப் பழுதுநீக்கத்தை மறுத்திருக்கலாம். ஆனால் இக்னிஷன் சுவிட்ச் வழக்கில் 90 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டு ஒரு மாதமே ஆகியிருந்தது. மறுக்கும் நிலையில் அது இருந்ததா என்பது வேறு கேள்வி.

இந்தியாவில் இக்கதை பிந்தியே தொடங்குகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநரைப் பற்றியும் உரிமத்தைப் பற்றியும் பதிவைப் பற்றியும் விரிவாகப் பேசியது. விற்றுவிட்ட வண்டியைத் திரும்ப அழைக்குமாறு ஆணையிடும் அதிகாரம் அதில் இல்லை. 2010இல் டாடா நானோ கார்கள் சில தீப்பற்றின. அவ்வாண்டு நவம்பரில் நிறுவனம் எல்லா நானோக்களிலும் புகைக்குழாய்ப் பகுதிக்கும் மின்னமைப்புக்கும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகப் பொருத்தித் தர முன்வந்தது. இது திரும்ப அழைப்பு அன்று என்றும் வலியுறுத்தியது. அச்சொல்லைத் தவிர்ப்பதில் நிறுவனங்களுக்கு இருந்த அக்கறை ஆய்வுக்குரியது. (தமிழ் நாளிதழ்கள் எழுதும் 'திரும்பப் பெறுகிறது' என்ற தொடரும் சற்று மயக்கம் தருவதே: யாரும் வண்டியைத் திரும்பப் பெறுவதில்லை, ஒரு பாகத்தை மாற்றித் தருகிறார்கள்.) 2012 ஜூலையில் உற்பத்தியாளர் சங்கமான சியாம் தன்னார்வ விதிமுறை ஒன்றை வகுத்தது. மறு ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸின் இந்தியக் கிளை 1.14 லட்சம் டவேரா வண்டிகளைப் புகை அளவு மீறலுக்காகத் திரும்ப அழைத்தபோது, சோதனைக்கு அனுப்பிய எஞ்சின்களில் முறைகேடு நடந்ததும் வெளிவந்தது. தன்னார்வத்தின் எல்லை அப்போது புலப்பட்டது.

2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 110ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுநருக்கோ, பயணிக்கோ, சாலையில் செல்லும் பிறருக்கோ தீங்கு தரும் பழுது இருப்பின் மத்திய அரசு திரும்ப அழைக்குமாறு ஆணையிடலாம். பழுது ஒரு பாகத்தில் இருந்தால் அப்பாகத்தைக் கொண்ட எல்லா வண்டிகளையும் அழைக்கச் சொல்லலாம். எண்ணெய்க் கசிவு போன்றவற்றுக்கு இது மிகவும் பொருந்தும் ஏற்பாடு, ஏனெனில் ஒரே எஞ்சின் பல பெயர்களில் விற்கும் வண்டிகளுக்குள் இருக்கும்.

நடைமுறை விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன. கட்டாயத் திரும்ப அழைப்புக்கு உரிமையாளர்களின் முறையீடுகள் குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்ட வேண்டும். அவ்வெண்ணிக்கை ஆண்டு விற்பனையைப் பொறுத்து மாறும். இன்னொரு நிபந்தனை, வண்டியின் வயது ஏழாண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது.

இங்கேதான் கேஸ்கட்டின் கடிகாரமும் சட்டத்தின் கடிகாரமும் பிரிகின்றன. தனியார் கார் ஒன்றின் பதிவு இந்நாட்டில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதாவது, சட்டப்படி சாலையில் ஓடும் ஆயுளின் பாதிக்கு மேல், கட்டாயத் திரும்ப அழைப்பின் நிழலுக்கு வெளியே கழிகிறது. எட்டாம் ஆண்டில் அந்த வண்டி பெரும்பாலும் முதல் உரிமையாளரிடம் இருப்பதில்லை. பெயர் மாற்றம் தாமதமானால் பதிவேட்டிலுள்ள முகவரியும் பழையதாகவே இருக்கும். நிறுவனத்தின் கடிதம் அங்கே போய்ச் சேரும். பழைய வண்டி வாங்குபவர் பொதுவாகப் புது வண்டி வாங்க இயலாதவர். ஆகவே இந்தக் காலக்கெடு தொழில்நுட்பம் பற்றிய விதியாக எழுதப்பட்டிருந்தாலும், விளைவில் அது வருவாயைப் பிரிக்கும் கோடாகிறது. உற்பத்தியாளரை முடிவற்ற பொறுப்பில் கட்டிவைக்க முடியாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் தேய்மானத்துக்கும் பழுதுக்கும் இடையே எங்கே கோடு கிழிப்பது என்பதை அந்த எண் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டிய கேள்வி அது. தேய்மானமும் ஓடிய தூரமும் காரணம் என்றுதான் ஜெனரல் மோட்டார்ஸும் 2015இல் கூறியது. ஆயினும் அது பழுது என்றே பதிவாயிற்று.

அதே நிறுவனம் 2017 இறுதியில் இந்தியாவில் கார் விற்பனையை நிறுத்தியது. அவ்வாண்டு விற்ற ஷெவர்லே வண்டிகள் 2024இல் ஏழாண்டைக் கடந்தன. அவற்றின் பதிவு 2032 வரை செல்லும்.