குழல் ஈயப்படிவுத் தடுப்பின் வரலாறு

குழல் ஈயப்படிவு என்பது, ஈயக் குண்டு துப்பாக்கிக் குழலின் வழியே பாயும்போது அதிலிருந்து பிரியும் ஈயம் குழலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்வதைக் குறிக்கும். படிவு புரிகளின் பள்ளங்களை அடைத்தால் குண்டு சரியாகச் சுழலாது, குறி தவறும். ஈயம் படிந்த குழலில் செம்புறை போர்த்திய குண்டைச் சுட்டால் குழலின் உள்ளழுத்தமும் கூடக்கூடும். வார்ப்புக் குண்டுகளைக் கொண்டு கைத்துப்பாக்கித் தோட்டாக்களை மறுநிரப்பம் செய்வோர் இன்றும் இச்சிக்கலைச் சந்திக்கின்றனர்.

கொழுப்பும் மெழுகும்

முன்வாய் வழியே நிரப்பப்பட்ட புரிகுழல் துப்பாக்கிகளில், உருண்டைக் குண்டை எண்ணெய் அல்லது கொழுப்பு தடவிய துணியில் பொதிந்து உள்ளே தள்ளினர். இடையில் துணி இருந்ததால் ஈயம் இரும்பைத் தொடவில்லை. 1840களின் இறுதியில் பிரெஞ்சு அதிகாரி குளோத் எத்தியென் மினியே உருவாக்கிய கூம்புக் குண்டு அடிப்பகுதியில் குழிவுடையது. வெடிப்பின் விசையில் அது விரிந்து புரிகளைப் பற்றியது. இதே வகையைச் சேர்ந்த 1853 என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாவில், குண்டைச் சுற்றிய காகிதத்தின்மீது கொழுப்பு பூசப்பட்டது.

இந்த உயவுப் பொருளே இந்திய வரலாற்றில் இடம்பெற்றது. தோட்டாவைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டியிருந்ததால், அதில் பசு, பன்றிக் கொழுப்பு கலந்துள்ளது என்ற செய்தி சிப்பாய்களைக் கொதிப்படையச் செய்தது. வீரர்களே தேன்மெழுகும் எண்ணெயும் பூசிக்கொள்ளலாம் என அரசு அனுமதித்தும் ஐயம் தீரவில்லை. மீரட்டில் தோட்டாக்களை ஏற்க மறுத்த 85 குதிரைப்படை வீரர்கள் தண்டிக்கப்பட்டதைத் தொடர்ந்து, 1857 மே 10 அன்று கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சிக்கு வேறு பல காரணங்களும் இருந்தன.

உயவுப் பள்ளங்கள்

தொடக்ககால உலோகத் தோட்டாக்கள் பலவற்றில் உயவுப் பொருள் குண்டின் வெளிப்புறத்தில் இருந்தது. அதில் தூசியும் மணலும் ஒட்டின. 1870களில் ரஷ்யப் படைக்காக சுமித் அண்டு வெசன் நிறுவனம் செய்த சுழல்துப்பாக்கியின் தோட்டாவில், உயவுப் பள்ளங்கள் பித்தளைக் கூட்டுக்குள் மறைக்கப்பட்டன. இன்றைய வார்ப்புக் குண்டுகள் இம்முறையையே பின்பற்றுகின்றன.

புகையற்ற வெடிமருந்தும் வேகமும்

1884இல் பிரான்சில் போல் வியேல் உருவாக்கிய புகையற்ற வெடிமருந்து குண்டுகளின் வேகத்தைப் பெரிதும் உயர்த்தியது. வெறும் ஈயம் அவ்வேகத்தைத் தாங்கவில்லை. சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் 1882இல் உருவாக்கிய செம்புறைக் குண்டு படைத்துறையில் இதற்குத் தீர்வாயிற்று. ஆனால் தாமே குண்டு வார்ப்போர் ஈயத்தைக் கைவிடவில்லை. வெள்ளீயமும் அந்திமனியும் கலந்து அதைக் கடினமாக்கினர். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், அமெரிக்காவின் ஐடியல் நிறுவனம் குண்டின் அடியைச் சூடான வாயுவிலிருந்து காக்கும் சிறு செப்புக் கிண்ணத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

1935இல் வெளிவந்த .357 மேக்னம் சுழல்துப்பாக்கி, நொடிக்குச் சுமார் 1,500 அடி வேகத்தில் ஈயக் குண்டை எறிந்தது. ஆலைகளில் செய்யப்பட்ட மென்மையான ஈயக் குண்டுகள் அதன் குழலில் கடுமையாகப் படிந்தன. எல்மர் கீத் வடிவமைத்த குண்டுகளில் ஆழமும் அகலமும் கொண்ட உயவுப் பள்ளம் இருந்தது. செப்புக் கிண்ணம் இல்லை. ரே தாம்சனின் வடிவங்களோ கிண்ணத்தைப் பயன்படுத்தின.

கடினத்தன்மையும் அளவும்

குண்டு எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அச்சுத் தொழிலில் பயன்பட்ட, 84% ஈயம், 12% அந்திமனி, 4% வெள்ளீயம் கொண்ட லைனோடைப் உலோகத்தைப் பலர் உருக்கி வார்த்தனர். ஆனால் குறைந்த அழுத்தத்தில் கடினமான குண்டு விரிந்து குழலை அடைப்பதில்லை. இடைவெளியில் பாயும் வாயு குண்டின் ஓரத்தை அரித்து, அந்த ஈயத்தைக் குழலில் படியவைக்கிறது. எனவே கடினத்தன்மையைவிட அளவே முதன்மையானது. குண்டு, புரிப்பள்ளங்களின் விட்டத்தைவிட ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு அங்குலம் பெரிதாக இருப்பது வழக்கம். சுழல்துப்பாக்கியில் உருளையின் வாய் இதைவிடக் குறுகலாக இருந்தால், சரியான குண்டும் சுருங்கிவிடும்.

படிவு இருக்கும் இடமே காரணத்தைச் சுட்டும். குழலின் தொடக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் அளவுப் பிழை. முனையருகே இருந்தால் உயவுப் பொருள் பாதியில் தீர்ந்துள்ளது எனக் கொள்ளலாம். அண்மைக் காலத்தில், குண்டின்மீது தூள்பூச்சிட்டுச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் முறை பரவியுள்ளது. துணித்துண்டைப் போலவே இதுவும் ஈயம் இரும்பைத் தொடாமல் தடுக்கிறது.